இறங்குமுக ஏலமும் கட்டட வேலைகளும்

ஏலம் என்றால் விலை ஏறிக்கொண்டே செல்வது என்பதே நம் நாட்டில் வழிவழியாக விளங்கிவரும் பொருளாகும். கோயில் நிலத்தின் குத்தகையாயினும், கடற்கரையில் வந்திறங்கும் மீன் கூடையாயினும், ஒருவர் கேட்ட தொகைக்கு மேல் மற்றொருவர் கேட்பார். “ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்” என்று கூறி முடித்தவுடன், மிகுதியாகக் கேட்டவருக்குப் பொருள் உரியதாகும். இங்கே விற்பவர் ஒருவர்; வாங்க விரும்புவோர் பலர். இதனைத் திருப்பி வைத்து, வாங்குபவர் ஒருவர், விற்க விரும்புவோர் பலர் என்று கொண்டால், விலை ஏறுவதற்கு மாறாக இறங்கிக்கொண்டே வரும். அலுவலகங்களில் ‘ரிவர்ஸ் ஆக்‌ஷன்’ என்று வழங்கும் இறங்குமுக ஏலம் இதுவே.

இதனை மின்னணு வழியில் நடத்தும் முறை பெருந்தொழில்களில்தான் முதலில் வேரூன்றியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1995-இல் தொடங்கப்பெற்ற ஃப்ரீமார்க்கெட்ஸ் என்னும் நிறுவனம், தொழிற்சாலைகளுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களை இம்முறையில் வாங்க உதவிப் பெயர் பெற்றது. பின்னர் அரசாங்கங்களும் இதனைக் கைக்கொண்டன. ஐக்கிய நாடுகளின் சர்வதேச வாணிபச் சட்ட ஆணையம் 2011-இல் வெளியிட்ட பொதுக் கொள்முதல் மாதிரிச் சட்டத்தில், மின்னணு இறங்குமுக ஏலத்திற்கெனத் தனி அத்தியாயமே வகுக்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் 2016 ஆகஸ்டில் தொடங்கிய ‘ஜெம்’ என்னும் அரசு மின்னணுச் சந்தையில், பொருள்களும் சேவைகளும் வாங்குவதற்கு இவ்வசதி உண்டு. 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 167-ஆம் விதி இதனைப் பற்றியதே. அவ்விதி மூன்று நிபந்தனைகளை விதிக்கின்றது: வாங்கப்படுவதை விரிவாக வரையறுத்துக் கூற இயல வேண்டும், தகுதியுடையோர் பலர் போட்டியிடும் சந்தை இருக்க வேண்டும், வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்கள் அளந்து பண மதிப்பில் குறிக்கத்தக்கனவாக இருக்க வேண்டும். இம்மூன்றனுள் முதலாவது நிபந்தனை பார்வைக்கு எளியது. கட்டட வேலைகளில் பெருந்தொல்லை விளைவிப்பதும் அதுவே.

ஏலம் நடைபெறும் முறை

முதலில் வழக்கம்போல் டெண்டர் அறிவிப்பு வெளியிடப்படும். விண்ணப்பித்தோரின் அனுபவம், இயந்திர வசதி, நிதி நிலை ஆகியவை ஆராயப்பட்டுத் தகுதியுடையோர் பிரிக்கப்படுவர். குறித்த நாளில், குறித்த நேரத்தில், அவர்கள் தத்தம் இடங்களில் இருந்தவாறே கணிப்பொறியின் முன் அமர்வர். தொடக்க விலை திரையில் காட்டப்படும். அதனினும் குறைவான தொகையை எவரும் பதிவு செய்யலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் குறைக்க வேண்டிய மிகச் சிறிய அளவு முன்னரே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். திரையில் அப்போதைய மிகக் குறைந்த விலை தெரியும்; கொடுத்தவர் பெயர் தெரியாது. கடைசி நிமிடங்களில் எவரேனும் விலையைக் குறைத்தால், ஏலநேரம் சில நிமிடங்கள் தானாகவே நீளும். ஆகவே இறுதி நொடியில் புகுந்து பறித்துக்கொள்ளும் தந்திரம் இங்குப் பலிப்பதில்லை. ஒருவரும் குறைக்காமல் நேரம் கழிந்தால் ஏலம் முடிவுற்றது.

இம்முறையின் சிறப்பை மறைத்தல் முறையன்று. டெண்டர் திறந்த பின்னர் ஒப்பந்தக்காரரை அழைத்து வைத்துப் பேரம் பேசுவது ஊழலுக்கு வழிகோலும் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2007 மார்ச்சில் சுற்றறிக்கை விடுத்து, மிகக் குறைந்த விலை கொடுத்தவரிடமும் விதிவிலக்கான நிலைகளிலன்றிப் பேரம் பேசலாகாது எனக் கட்டுப்படுத்தியது. இறங்குமுக ஏலமோ அனைவரும் காணப் பேசும் பேரம். மூடிய அறைக்குள் ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் செய்தி என்று இதில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு தொகையும் நேரத்துடன் பதிவாகின்றது. பின்னர் தணிக்கை செய்பவர் அதனைக் காணலாம். இரும்புக் குழாய், மின் கம்பி, சிமெண்ட் மூட்டை போன்றவற்றிற்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு. யார் விற்பினும் பொருள் ஒன்றே. ஏற்கத் தகாததாயின் திருப்பி அனுப்பிவிடலாம். இத்தகைய கொள்முதலில் விலை ஒன்றையே நோக்குவதில் தவறில்லை.

கட்டடம் அத்தகையதன்று. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் அது உலகில் இல்லை. வரைபடமும், அளவுப் பட்டியலும், தரக்குறிப்பும் மட்டுமே உள்ளன. வாங்கப்படுவது ஒரு வாக்குறுதி. மண்ணுக்கடியில் இருப்பதும், மழை வரும் காலமும், கம்பி விலையின் ஏற்றமும் அவ்வாக்குறுதிக்குள் அடங்கியுள்ளன.

சேமிப்பு எதிலிருந்து கணக்கிடப்படுகின்றது?

முத்திரையிட்ட டெண்டரைவிட இறங்குமுக ஏலத்தில் விலை தானாகவே குறையும் என்று எண்ணுவது இயல்பு. பொருளியல் அறிஞர் வில்லியம் விக்ரி 1961-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தை ஐயுறச் செய்கின்றது. ஏலங்களைப் பற்றிய கணித ஆராய்ச்சிக்கு அடிகோலிய அவர் 1996-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர். போட்டியாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் செலவைத் தாமே நன்கறிந்தவர்கள் எனக் கொள்வோம். திறந்த ஏலத்தில், மிகக் குறைந்த செலவுடையவர் தமக்கு அடுத்தவர் விலகும் வரைதான் இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்க அவருக்குத் தேவையில்லை. முத்திரையிட்ட டெண்டரில் அடுத்தவர் விலை தெரியாதாகையால், அவர் அதனை ஊகித்து அதற்குச் சற்றுக் கீழே எழுதுவார். சில கருதுகோள்களின்கீழ் இரண்டின் சராசரி முடிவும் ஒன்றே என்பது கணிதத்தால் பெறப்படும் முடிவு. வேறுபாடு விலையில் அன்று, விலையைக் கண்டறியும் வழியிலேதான்.

இங்கு இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பல இடங்களில் முதலில் முத்திரையிட்ட விலை பெற்று, அவற்றுள் மிகக் குறைந்ததைத் தொடக்க விலையாக வைத்து ஏலம் நடத்துகின்றனர். பின்னால் ஏலம் உண்டு என்பதை அறிந்த ஒப்பந்தக்காரர் முதல் உறையிலேயே தம் கடைசி விலையை எழுதுவாரா? எழுதமாட்டார், இறங்குவதற்கென்று கொஞ்சம் இடம் வைத்தே எழுதுவார். பின்னர் அவ்விடத்தை ஏலத்தில் விட்டுக்கொடுப்பார். முதல் விலைக்கும் இறுதி விலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சேமிப்பு என்று அறிக்கையில் எழுதினால், தீபாவளித் தள்ளுபடிக்காக முன்னதாகவே விலையை ஏற்றி ஒட்டிய ஜவுளிக் கடைக் கணக்கைப் போன்றதாகிவிடும். நியாயமான ஒப்பீடு, நடப்புச் சந்தை விலையில் கவனமாகத் தயாரித்த மதிப்பீட்டுடன் செய்யப்படுவதே. அதனினும் நியாயமானது, வேலை முடிந்தபின் உண்மையில் கொடுத்த தொகையுடன் ஒப்பிடுவது.

ஒப்பந்தக்காரர் தம் செலவைத் தாமே சரியாக அறியாதபோது நிலைமை வேறாகின்றது. ஒரு பள்ளிக் கட்டடத்தின் உண்மைச் செலவு 40 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். ஐவர் நேர்மையாகவே கணக்கிட்டு 36, 38, 40, 42, 44 லட்சம் எனக் காண்கின்றனர். சராசரி சரியாகவே உள்ளது. ஆனால் வெல்பவர் 36 எனக் கணக்கிட்டவர்; அதாவது மிகுதியாகத் தவறியவர். மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த கேப்பன், கிளாப், கேம்பெல் என்னும் மூன்று அமெரிக்கப் பொறியியலாளர்கள் 1971-இல் இதனை விளக்கினர். ‘வென்றவரின் சாபம்’ எனும் பெயரால் இது வழங்குகின்றது. மேற்கண்ட ஏலம் 38 லட்சத்திற்குச் சற்றுக் கீழே நின்றாலும் வென்றவருக்கு இரண்டு லட்சம் நஷ்டம். அவர் அந்நஷ்டத்தைத் தாமே தாங்கிக்கொள்வார் என்று நம்புவதற்குக் காரணமில்லை.

பட்டியலில் ஒளிந்திருக்கும் பாறை

இனி, வேலைத்தல ஊழியர் நன்கு மனத்திற்கொள்ள வேண்டிய ஒரு கணக்கு. ஒரு கட்டடத்தின் அடித்தளத்திற்காக அளவுப் பட்டியலில் இரண்டு இனங்கள் குறிக்கப்பட்டுள்ளன: சாதாரண மண் தோண்டுதல் 800 கன மீட்டர், கெட்டிப்பாறை உடைத்தல் 50 கன மீட்டர். முதல் ஒப்பந்தக்காரர் மண்ணுக்குக் கன மீட்டருக்கு 300 ரூபாயும், பாறைக்கு 1,200 ரூபாயும் கேட்கின்றார். மொத்தம் 2,40,000 + 60,000 = 3,00,000 ரூபாய். இரண்டாமவர் மண்ணுக்கு 200, பாறைக்கு 2,500 கேட்கின்றார். மொத்தம் 1,60,000 + 1,25,000 = 2,85,000 ரூபாய். இரண்டாமவர் 15,000 ரூபாய் குறைவு.

ஏலம் தொடங்குகின்றது. முதலாமவர் மண் வேலையின் விகிதத்தை 275-ஆகக் குறைத்து மொத்தத்தை 2,80,000-க்குக் கொண்டுவருகின்றார். இரண்டாமவர் மண்ணுக்கு 175 என்று இறங்கி 2,65,000-இல் நிற்கின்றார். முதலாமவர் விலகுகின்றார். தொடக்க விலையினின்று 20,000 ரூபாய் இறங்கியதென்று கோப்பில் பதிவாகின்றது.

பின்னர்த் தோண்டும்போது பட்டியலில் கண்டபடி இல்லை. மண் 600 கன மீட்டரே. பாறையோ 250 கன மீட்டர். வென்றவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை 1,05,000 + 6,25,000 = 7,30,000 ரூபாய். விலகிச் சென்றவருக்கு அவர் கடைசியாகக் கேட்ட விகிதத்தில் கொடுத்திருந்தால் 1,65,000 + 3,00,000 = 4,65,000 ரூபாயே ஆகியிருக்கும். ஏலத்தில் வென்ற விலை, வேலையில் 2,65,000 ரூபாய் மிகையாயிற்று.

இரண்டாமவர் பொய் சொல்லவில்லை, எவ்விதியையும் மீறவுமில்லை. பக்கத்து நிலத்தில் கிணறு வெட்டியவர்களை விசாரித்து, எட்டடியில் பாறை உண்டு என்பதை அறிந்து வைத்திருந்தார், அவ்வளவே. அறிய வேண்டிய அலுவலகம் அறியவில்லை. இரண்டு மூன்று சோதனைக் குழிகள் தோண்டி மண்ணின் அடுக்குகளைப் பதிவு செய்ய ஆகும் செலவு, இந்த மிகையில் ஒரு சிறு பகுதியே. ஏலம் எவ்வளவு விரைவாக இறங்கினும், பட்டியலில் உள்ள பிழையை அது திருத்துவதில்லை. பிழையை முன்னறிந்தவருக்கு அப்பிழையை விற்பனை செய்து தருகின்றது.

ஏலம் மொத்தத் தொகைக்கு நடத்தப்பெற்றால், இறுதியில் கிடைத்த குறைப்பை ஒவ்வோர் இனத்திற்கும் எவ்வாறு பங்கிடுவது என்பது முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். எல்லா இனங்களிலும் ஒரே சதவீதம் குறைப்பது பாதுகாப்பானது. பங்கிடும் உரிமையை ஒப்பந்தக்காரரிடம் விட்டால், வளரக்கூடிய இனத்தில் விலையை நிறுத்திக்கொண்டு, சுருங்கக்கூடிய இனத்தில் தாராளமாகக் குறைப்பார். அரசின் விகிதப் பட்டியலை அடிப்படையாக வைத்து, மொத்தத்தின்மேல் இத்தனை சதவீதம் கூடுதல் அல்லது குறைவு என்று கேட்கும் பழைய முறையில் இத்தொல்லை எழுவதில்லை.

சில அனுபவங்கள்

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டுமான வேலைகளில் இம்முறையைச் சோதனையாக மேற்கொண்டு 2004-இல் அறிக்கை அளித்தது. முத்திரையிட்ட டெண்டரைவிட இதனால் குறிப்பிடத்தக்க சேமிப்பு உண்டு என்பதற்குச் சான்று இல்லை என்பது அதன் முடிவு. 2020 டிசம்பரில் அந்நாட்டில் நிறைவேறிய சட்டம் ஒன்று, சிக்கலான கட்டுமானச் சேவைகளுக்கு மத்திய அரசு இறங்குமுக ஏலத்தைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறை, கட்டட வடிவமைப்புப் போன்ற அறிவுசார் பணிகளை மின்னணு ஏலத்திற்கு விடலாகாது என்கின்றது. தம் சொந்தப் பணத்தைச் செலவிடுவோர் என்ன செய்கின்றனர் என்பதும் அறியத்தக்கது. வட கலிபோர்னியாவில் 1995 முதல் 2000 வரை தனியார் கட்டடங்களுக்காகச் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தங்களை மூன்று பொருளியலார் ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி போட்டியின்றி, நம்பகமான ஒப்பந்தக்காரருடன் பேசி முடித்தவை. வேலை எவ்வளவுக்குச் சிக்கலோ அவ்வளவுக்கு ஏலத்தைத் தவிர்த்தனர். அரசு அலுவலகம் இவ்வழியைப் பின்பற்ற இயலாது என்பது உண்மையே; பொதுப் பணத்திற்குப் போட்டி வேண்டும். எனினும் காரணத்தை அறிந்திருத்தல் நன்று.

நம் நாட்டில் இந்திய ரயில்வே 2018-இல், 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக் கொள்முதலையும், 50 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வேலைகளையும் இறங்குமுக ஏலத்தின் வழியே முடிவு செய்யும் திட்டத்தை அறிவித்தது. ஆந்திரப் பிரதேச அரசு 2019-இல் இதனை நீர்ப்பாசனப் பெருவேலைகளுக்கே விரிவுபடுத்தியது. போலவரம் அணைக்கட்டின் தலைமை வேலைகளும் மின் நிலையமும் 4,987.55 கோடி ரூபாய் தொடக்க மதிப்பில் ஏலத்திற்கு வந்து, 4,358.11 கோடிக்கு முடிந்தன, குறைவு 12.6 சதவீதம். ஐந்தாண்டுகளுக்குப் பின், 2024 ஆகஸ்டில், அடுத்து வந்த அமைச்சரவை இம்முறையைக் கைவிட்டுப் பழைய டெண்டர் முறைக்குத் திரும்ப முடிவு செய்தது. இரண்டு முடிவுகளிலும் அரசியல் கலந்திருந்தமையால், அவற்றைக் கொண்டு முறையின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்ப்பது கடினம்.

தெளிவான பாடம் காற்றாலைத் துறையில் கிடைக்கின்றது. கட்டட வேலையன்று எனினும், இதுவும் இனிமேல் கட்டப்படவேண்டிய ஒன்றுக்கு நடத்திய ஏலமே. 2017 பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை 3.46 ரூபாய்க்கு இறங்கியது. அவ்வாண்டு டிசம்பருக்குள் 2.43 ரூபாய் ஆயிற்று. 2016–17-இல் சுமார் 5,500 மெகாவாட் திறன் புதிதாக நிறுவப்பட்டிருக்க, அடுத்த ஆண்டில் நிறுவப்பட்டது 2,000 மெகாவாட்டுக்கும் குறைவு. முறை மாற்றத்தால் இடையில் ஏற்பட்ட தேக்கமும் இதற்கு ஒரு காரணம்; விலையை மட்டுமே பழி கூறலாகாது. ஆயினும் 2023 ஜனவரியில் மத்திய அமைச்சகம் காற்றாலைகளுக்கு இறங்குமுக ஏலத்தைக் கைவிட்டு, மூடிய உறை முறைக்கு மாறியது.

மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2021 அக்டோபரில் வெளியிட்ட பொது அறிவுரைகள், குறைந்த விலை ஒன்றையே பார்க்கும் முறையின் இடர்ப்பாடுகளை ஒப்புக்கொண்டன. தரம் முக்கியமான வேலைகளில் விலை தவிர்ந்த பிற தகுதிகளுக்கு 30 சதவீதத்திற்கு மேற்படாமல் மதிப்பெண் அளிக்கலாம் என அவை இடமளித்தன.

வேலைத்தலத்தில்

ஏலத்தில் இறங்கிய விலை எங்கிருந்தோ ஈடுகட்டப்பட வேண்டும். ஒப்பந்தக்காரரின் லாபம், நல்ல நிர்வாகம், பொருள் வாங்கும் சாமர்த்தியம் ஆகியவற்றிலிருந்து ஓரளவு கிடைக்கும். அதற்கு மேற்பட்டது எங்கே பறிக்கப்படும் என்பதைக் கீழ்க்கண்ட கணக்கு காட்டும்.

மேற்சொன்ன 40 லட்ச ரூபாய்ப் பள்ளிக் கட்டடத்தில் 60 கன மீட்டர் கான்கிரீட் உள்ளதாகக் கொள்வோம். 1 : 1½ : 3 கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமெண்ட் வேண்டும். அதனை 1 : 2 : 4 ஆக மெலியச் செய்தால் சுமார் ஆறரை மூட்டை போதும். ஆக, மிச்சம் 90 மூட்டை. மூட்டை 400 ரூபாய் என்றால் 36,000 ரூபாய். இது மொத்த மதிப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் கூரையின் வலிமை நான்கில் ஒரு பங்கு குறைகின்றது. வலுவூட்டிய கான்கிரீட்டிற்கு இந்தியத் தர நிர்ணயம் 456 விதிக்கும் குறைந்தபட்ச வலிமைக்கும் கீழே போய்விடுகின்றது. ஒரு சதவீதத்திற்கே இந்த நிலை என்றால், மதிப்பீட்டைவிடப் பதினைந்து சதவீதம் குறைந்த ஒப்பந்தத்தில் கண்காணிப்பு எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதை ஊழியர் உய்த்துணரலாம். மிக விரைவாகக் குறைக்கப்படுவது பொருளும் அன்று. கொத்தனார், சித்தாள் ஆகியோரின் கூலியே.

ஆகையால், மிகக் குறைந்த விலையில் முடிந்த வேலைக்கு வழக்கமான மேற்பார்வை போதாது. மேற்கண்ட இந்தியத் தர நிர்ணயத்தின்படி, 5 கன மீட்டர் வரை கான்கிரீட்டிற்கு ஒரு மாதிரியும், 6 முதல் 15 வரை இரண்டும், 16 முதல் 30 வரை மூன்றும் எடுக்கப்பட வேண்டும். ஒரு மாதிரி என்பது மூன்று கனசதுரங்கள். இவை கூரை போடும் நாளில், கலவை கொட்டும் இடத்திலேயே எடுக்கப்பட வேண்டும். நிழலில் தனியாகக் கலந்து வைத்த நல்ல கலவையில் எடுத்தவை கூரையைப் பற்றி ஒன்றும் கூறமாட்டா. கம்பிகளை ஒரு மீட்டர் நறுக்கி எடை போடுதல் எளிது. மில்லிமீட்டரில் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோகிராமில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுக்க, சுமார் 0.89 கிலோகிராம். தராசில் 0.80 நின்றால் அக்கம்பி வேலைக்கு ஆகாது. நீராற்றும் நாள்களையும், முட்டு பிரித்த தேதியையும் பதிவேட்டில் அன்றன்றே எழுதுவது, பின்னால் எழும் வழக்குகளில் பெருந்துணையாகும்.

விலை இயற்கைக்கு மாறாகக் குறைந்திருப்பின், ஒப்பந்தத்தை அளிக்கும் முன்னரே, ஒவ்வோர் இனத்தின் விலைப் பகுப்பையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். சிமெண்ட், கம்பி, கூலி ஆகியவற்றின் நடப்பு விலைக்கே அவ்விகிதம் போதாததாயின், விளக்கம் இல்லை என்பது வெளிப்படை.

வகுப்பறைப் பயிற்சி

தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஆசிரியர்கள் இதனை ஒரு மணி நேரத்தில் நடத்திக் காட்டலாம். ஐந்து மாணவருக்கு 36, 38, 40, 42, 44 என்று எழுதிய சீட்டுகளை இரகசியமாகக் கொடுத்து, அவையே அவரவர் செலவு எனக் கூற வேண்டும். முதற்சுற்றில் ஒவ்வொருவரும் விலையை எழுதி மடித்துத் தரட்டும். இரண்டாம் சுற்றில் 50-இல் தொடங்கி, அரை அரையாகக் குறைத்து வாய்மொழியாக ஏலம் நடக்கட்டும். பெரும்பாலும் 38-ஐ ஒட்டி அது நின்றுவிடும். இரு சுற்றுகளின் விலைகளையும் கரும்பலகையில் எழுதி ஒப்பிடுக. மூன்றாம் சுற்று முடிந்தபின், சீட்டில் இருந்தவை வெறும் மதிப்பீடுகளே, உண்மைச் செலவு அனைவருக்கும் 40 என்று அறிவித்து, வென்ற மாணவர் நஷ்டத்தை எவ்வாறு ஈடுகட்டுவார் என அவரையே கேட்க வேண்டும். விடைகள் சுவையாக இருக்கும். சில, வேலைத்தலத்தில் பல ஆண்டு பழகிய ஓவர்சியரையும் வியக்க வைக்கும். நான்காம் சுற்றுக்கு மண்ணும் பாறையும் கொண்ட பட்டியலை எடுத்துக்கொண்டு, பாறையைப் பற்றிய செய்தியை ஒரே ஒரு மாணவருக்கு மட்டும் காதோடு சொல்லி வைத்து ஏலத்தைத் தொடங்குக. முடிவில் உண்மை அளவுகளைக் கொடுத்து, இறுதிப் பட்டியலை அளவுப் புத்தகத்தின் வடிவிலேயே மாணவரைத் தயாரிக்கச் செய்ய வேண்டும்.